சுத்தியே இல்லாத பழைய ஷார்ப்ஸ் ரைஃபிள்: யார் செய்தது, விற்கலாமா?

மிச்சிகன் குமரன்:

வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். பரணில் இருந்த சாமான்களை இறக்கிக் கொடுக்கப் போனபோது பழைய கம்பளியில் சுற்றி வைத்திருந்த ஒரு நீளமான துப்பாக்கி கிடைத்தது. அவருடைய கொள்ளுத்தாத்தாவுடையதாம். அந்தக் காலத்தில் அதை வைத்துக் காட்டெருமை வேட்டையாடினார் என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்களாம்.

குழலின் மேல் ஒரு கட்டத்துக்குள் "ஓல்டு ரிலையபிள்" என்று பொறித்திருக்கிறது, அதோடு ஷார்ப்ஸ் ரைஃபிள் கம்பெனி, பிரிட்ஜ்போர்ட், கனெக்டிகட் என்றும் இருக்கிறது. இடது பக்கத்தில் போர்ச்சார்ட் பேட்டண்ட், டிசம்பர் 5, 1876 என்று படிக்க முடிகிறது. குழல் 32 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், முன்பக்கம் வரைக்கும் மரக்கட்டை ஓடுகிறது, இரண்டு இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். படங்களில் பார்க்கிற ஷார்ப்ஸ் எல்லாவற்றிலும் பக்கவாட்டில் பெரிய சுத்தி ஒன்று இருக்கிறது, இதில் அது இல்லவே இல்லை. இரண்டு பக்கமும் தட்டையாக, ஏதோ இரும்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. போலியோ என்று சந்தேகமாக இருக்கிறது.

துப்பாக்கிச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் படத்தைக் காட்டினோம். "குழல் வீணாகிவிட்டது, நடுப்பகுதிக்கு மட்டும்தான் மதிப்பு, இப்படியே கொடுத்தால் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். பெரியவருக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசனை. இது என்ன, யார் செய்தது, கொடுப்பதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்? துருவை எடுத்துச் சுத்தம் செய்து வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புக்குழல்:

முதல் வேலை, அந்த வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, துருவில் கை வைக்காதீர்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் போலிக்கான அறிகுறி எதுவும் இல்லை. இது 1878 மாடல் ஷார்ப்ஸ்-போர்ச்சார்ட், அதிலும் நீளக் கட்டையும் இரண்டு பட்டையும் இருப்பதால் ராணுவ வடிவம். பெரும்பாலும் .45-70 என்ற அளவுத் தோட்டாவுக்குச் செய்தது. சுத்தி இல்லாததுதான் இந்த மாடலின் அடையாளமே. ஷார்ப்ஸ் கம்பெனி கடைசியாகச் செய்த துப்பாக்கி இது, 1881ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். எல்லா வடிவங்களையும் சேர்த்தே சுமார் 22,500தான் செய்தார்கள்.

யார் செய்தது என்று கேட்டீர்கள். குழலில் ஷார்ப்ஸ் பெயர் இருக்கிறதே தவிர, கிறிஸ்டியன் ஷார்ப்ஸுக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் 1810ல் நியூஜெர்சியில் பிறந்தவர். ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதச்சாலையில் ஜான் ஹாலிடம் வேலை பார்த்தார். பின்பக்கமாக மருந்து போடும் துப்பாக்கியையும், ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே பொருந்துகிற மாதிரி செய்கிற முறையையும் அமெரிக்காவில் நடத்திக் காட்டிய ஆள் ஹால். அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் ஷார்ப்ஸ் 1848ல் தன் பேட்டண்டை வாங்கினார். லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புப் பிளாக் கீழே இறங்கும், தோட்டாவைப் போட்டு லீவரை மேலே இழுத்தால் பிளாக் ஏறி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த எளிமைதான் முப்பது வருஷம் அந்தப் பெயரைத் தூக்கி நிறுத்தியது.

அவரிடம் சொந்தத் தொழிற்சாலை இல்லை. முதலில் பென்சில்வேனியாவில் நிப்பஸ் என்பவரிடம் செய்யக் கொடுத்தார், அப்புறம் வெர்மான்ட் மாநிலம் வின்ட்சரில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் கம்பெனி. 1851ல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் கம்பெனி தொடங்கினார்கள், இரண்டே வருஷத்தில் ஷார்ப்ஸ் அதை விட்டு வெளியே வந்துவிட்டார். பிலடெல்பியாவுக்குப் போய் நாலு குழல் வைத்த சின்னக் கைத்துப்பாக்கிகள் செய்தார், ஹாங்கின்ஸ் என்பவரோடு கூட்டு வைத்தார், கடைசியில் கனெக்டிகட்டுக்கே திரும்பி மீன் வளர்த்தார், 1874ல் இறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய கார்பைன்கள் (குட்டை ரைஃபிள்கள்), கர்னல் பெர்டனின் குறிபார்ப்பாளர் படை வைத்திருந்த ரைஃபிள்கள் எல்லாம் அவர் விலகிப் போன பிறகு ஹார்ட்ஃபோர்டில், ரிச்சர்ட் லாரன்ஸ் மேற்பார்வையில் வந்தவை. லாரன்ஸுக்கு இதில் இன்னும் நிறையப் பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கம்பெனி 1876ல் பிரிட்ஜ்போர்டுக்கு மாறியது. அங்கே கொண்டுவந்ததில் சர்க்கஸ்காரர் பி.டி.பார்னமுக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த ஊருக்கு மேயராகவே இருந்தவர். "ஓல்டு ரிலையபிள்" முத்திரையைக் குழலில் குத்த ஆரம்பித்ததும் பிரிட்ஜ்போர்ட் போன பிறகுதான்.

உங்கள் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஹ்யூகோ போர்ச்சார்ட். ஜெர்மனியின் மாக்டபுர்க்கில் பிறந்து, இளவயதிலேயே அமெரிக்கா வந்தவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கவிதா ரா:

காட்டெருமை கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெரியவரின் மனதைப் புண்படுத்தாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது.

காட்டெருமை வேட்டைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த ஷார்ப்ஸ் என்றால் பெரும்பாலும் பக்கச் சுத்தி வைத்த 1874 மாடல். பெயர்தான் 1874, உண்மையில் அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே அந்த வடிவம் விற்பனையில் இருந்தது. டெக்ஸஸில் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் 1874 ஜூன் மாதம் வேட்டைக்காரர்கள் முற்றுகையில் மாட்டிக்கொண்டபோது, பில்லி டிக்ஸன் என்பவர் இன்னொருவரின் பெரிய ஷார்ப்ஸை இரவல் வாங்கிச் சுட்டு, ரொம்ப தூரத்தில் குதிரைமேல் இருந்த ஒருவரைக் கீழே தள்ளினார் என்பார்கள். தூரம் 1,538 கஜம் என்று சொல்வதுண்டு. அதிர்ஷ்டத்தில் பட்டது என்று டிக்ஸனே சொல்லியிருக்கிறார். ஷார்ப்ஸ் என்றாலே காட்டெருமை என்று ஆனதற்கு இந்த மாதிரிக் கதைகள் ஒரு காரணம்.

1878 மாடல் வந்த நேரத்தில் சமவெளியின் தெற்குக் காட்டெருமை மந்தை ஏறத்தாழ முடிந்துவிட்டது. வடக்கு மந்தையும் 1883 வாக்கில் போய்விட்டது. ஒரு இனத்தையே சில வருஷங்களில் தோலுக்காகக் கிட்டத்தட்டத் தீர்த்துக்கட்டினார்கள், அந்தச் சமவெளிப் பூர்வகுடி மக்களின் சாப்பாடும் வீடும் உடையும் அதோடு போனது. இதைச் சொல்லாமல் ஷார்ப்ஸின் பெருமையை மட்டும் பேச எனக்கு மனம் வராது. கம்பெனியின் முடிவுக்கும் இதுவே ஒரு காரணம், வாங்குகிற கூட்டம் இல்லாமல் போய்விட்டது.

உங்களுடையது ராணுவ வடிவம் என்பதால் வேறு ஒரு வழி யோசிக்கலாம். மத்திய ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டில் தானே செய்துகொண்ட, பின்மூடி மேலே திறக்கிற டிராப்டோர் ரைஃபிளை விடவில்லை, அதனால் போர்ச்சார்டுக்குப் பெரிய அரசு ஆர்டர் கிடைக்கவே இல்லை. மாநிலப் படைகள்தான் வாங்கின, அதில் மிச்சிகனும் வடக்கு கரோலினாவும் உண்டு. நீங்கள் இருப்பதோ மிச்சிகனில். கொள்ளுத்தாத்தா 1880களில் மாநிலப் படையில் பெயர் கொடுத்திருந்தாரா என்று குடும்பத்தில் விசாரியுங்கள். பழைய புகைப்படம், சீருடைப் பொத்தான், வேலையை விட்டபோது கொடுத்த தாள், எது கிடைத்தாலும் துப்பாக்கியோடு சேர்த்து வையுங்கள்.

மிச்சிகன் குமரன்:

ரொம்ப நன்றி. பெரியவரிடம் படித்துக் காட்டினேன். கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு படைப்பிரிவில் இருந்தார் என்று அத்தை ஒருவர் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதாம், மகளிடம் இருக்கும் ஆல்பத்தைத் தேடச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. லீவரை மெதுவாக இறக்கிப் பார்த்தோம், உள்ளே தோட்டா எதுவும் இல்லை, குழல் காலி. ஆனால் லீவரை மூடிய பிறகு விசை அசையவே மாட்டேன் என்கிறது. உடைந்திருக்கிறதா? இன்னொன்று, .45-70 தோட்டா இப்போதும் கடையில் கிடைக்கிறதே, ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா என்று பெரியவரின் மருமகன் கேட்கிறார்.

லேத்து வேலு:

உடையவில்லை, அது வேலை செய்கிற அழகே அப்படித்தான்.

இந்த மாடலில் சுத்தி, பக்கத்தகடு, தட்டை ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பழைய ஷார்ப்ஸில் வெளியே இருந்த அத்தனை வேலையையும் போர்ச்சார்ட் பிளாக்குக்குள்ளேயே அடக்கிவிட்டார். பிளாக்கின் நடுவில் ஒரு துளை, அதற்குள் சுருள் ஸ்பிரிங், அதன் முன்னால் அடிக்கிற ஊசி. லீவரைக் கீழே இறக்கினால் பிளாக் இறங்கும்போதே ஊசி பின்னுக்கு இழுத்துப் பூட்டிக்கொள்ளும், கூடவே பாதுகாப்புப் பூட்டும் தானாக விழுந்துவிடும். அதனால்தான் விசை அசையவில்லை. விசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன லீவர் இருக்கும் பாருங்கள், அதைத் தள்ளினால்தான் பூட்டு விடும். ஆனால் தள்ளிவிட்டு வெறுமனே விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். ஊசி நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் பழசு, முனை உடைந்தால் அதே மாதிரி செய்து போடலாம்தான், ஆனால் அசல் போய்விடும்.

சுத்தி விழுகிற தூரம் ரொம்ப அதிகம் என்பதுதான் பழைய வடிவத்தின் குறை. விசையை இழுத்த பிறகு அந்தக் கனமான இரும்பு சுழன்று வந்து அடிப்பதற்குள் கை லேசாக அசைந்துவிடும். இதில் ஊசி நகர்வதே கொஞ்ச தூரம்தான், விசையை இழுத்ததும் வெடித்துவிடும். 1876லேயே இதை ஒருவர் யோசித்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். சாதாரண ராணுவ வடிவம் பார்க்க மொட்டையாக இருக்கும், அது உண்மைதான். போட்டிக்கென்று செய்த உயர்ரக மாடல்களில் இந்தத் தட்டைப் பக்கங்களைக் குடைந்து மரமோ கடின ரப்பரோ பதித்திருப்பார்கள், அவை கண்ணைப் பறிக்கும்.

சுடுவதைப் பற்றி: வேண்டாம். கடையில் கிடைக்கிற .45-70 எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இன்றைய புது ரைஃபிள்களுக்கென்று அழுத்தம் கூட்டிச் செய்கிறவை இருக்கின்றன, அவை இந்தப் பழைய குழலுக்கு ஆகாது. இது கறுப்பு வெடிமருந்துக் காலத்துப் பொருள். போர்ச்சார்டின் நடுப்பகுதி பலமானது என்று பேர் வாங்கியதுதான், அதற்காகக் குழலின் இரும்பு, தோட்டா உட்காரும் அறையின் நிலை, ஊசித் துளையின் தேய்மானம் எல்லாம் சரியாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. பழைய ரைஃபிள்களில் பழகிய துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அறையை அச்சு எடுத்துப் பார்த்துச் சொல்லாமல் எதையும் உள்ளே போடாதீர்கள்.

இனி அந்த வியாபாரி சொன்னதற்கு வருகிறேன், எனக்கு ஆத்திரமே அதில்தான். "நடுப்பகுதிக்கு மட்டும்தான் மதிப்பு" என்ற இந்தப் பேச்சு எழுபது எண்பது வருஷமாக இருக்கிறது. பிளாக் பலம், ஊசி வேகம் என்பதாலேயே இருபதாம் நூற்றாண்டில் ஆட்கள் இந்த ராணுவ போர்ச்சார்ட்களை மலிவாக வாங்கி, அசல் குழலையும் கட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு, சின்ன மிருகங்களைத் தூரத்திலிருந்து சுடுவதற்கு வேகமான புதுத் தோட்டாவுக்கான குழலை மாட்டிக்கொண்டார்கள். செய்ததே கொஞ்சம், அதில் முழுசாகத் தப்பியது இன்னும் கொஞ்சம். உங்களிடம் நீளக் கட்டை, இரண்டு பட்டை, அசல் குழல், முத்திரை எல்லாம் ஒன்றாக இருக்கிறது. குழலின் உட்புறம் தேய்ந்திருந்தாலும் அப்படியே இருப்பதுதான் அதன் மதிப்பு.

பனிமலை ராஜன்:

வேலு சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். குழல் மாற்றியவர்களை எல்லாம் நாசக்காரர்கள் மாதிரி பேசுவது நியாயமில்லை. கம்பெனி மூடிய பிறகு மிச்சச் சரக்கு மலிவு விலையில் போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் வேண்டாத பொருளாகக் கிடந்தது. அப்படி ஒரு காலத்தில் "இது நல்ல வேலைப்பாடு, இன்னும் உபயோகப்படும்" என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள்தான். சில மாற்றங்களைப் பெரிய கைதேர்ந்த ஆட்கள் செய்திருக்கிறார்கள், அவற்றை இன்று தனியாகவே சேகரிக்கிறார்கள். ஆனால் இன்று, இந்த நிலையில் இருக்கிற ஒன்றைப் பிரிப்பது தப்பு, அதில் எனக்கும் வேறு கருத்து இல்லை.

இரும்புக்குழல் பாதியில் விட்ட போர்ச்சார்டைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன்.

இந்த மனிதர் ஓர் இடத்தில் நிற்கிற ரகமே இல்லை. கோல்ட், வின்செஸ்டர், சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனி என்று பல இடங்களில் வேலை பார்த்தவர். ஷார்ப்ஸ் கதவை மூடிய பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பி, புடாபெஸ்ட் ஆயுதச்சாலையில் வேலை பார்த்தார், பிறகு பெர்லினில் லுட்விக் லோவெ கம்பெனியோடு சேர்ந்தார். 1893ல் அங்கே அவர் கொண்டுவந்த சி-93தான் ஓரளவு எண்ணிக்கையில் செய்து விற்க முடிந்த முதல் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் ஒன்று. முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்கிற பூட்டு, கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டி. பின்னால் பெரிசாகத் துருத்திக்கொண்டிருந்ததால் கையில் பிடிக்கவே சிரமம். அதை ஜியார்க் லூகர் எடுத்துச் சுருக்கிச் சீர்படுத்தினார், 1900ல் சுவிட்சர்லாந்து ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. உலகம் லூகர் பிஸ்டல் என்று லூகரின் பெயரைத்தான் சொல்கிறது. போர்ச்சார்ட் 1924ல் பெர்லினில் இறந்தார்.

அந்த ராணுவ ரைஃபிளின் இடது பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது பாருங்கள், எனக்கு அந்தத் துப்பாக்கியில் பிடித்த இடமே அதுதான். ஷார்ப்ஸின் பெயரைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தால் போர்ச்சார்டைத் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

இரும்புக்குழல்:

ராஜன், நன்றி, நான் எழுத நினைத்ததை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் போட்டி மாடல்களைப் பற்றி வேலு சொன்னார்.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட்மோர் மைதானம் இருந்தது. 1874 செப்டம்பர் 26 அன்று ஐரிஷ் அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கஜ தூரங்களில் மோதின. ஐரிஷ்காரர்கள் கையில் முன்பக்கமாக மருந்து இடிக்கிற ரிக்பி ரைஃபிள்கள், அன்றைக்கு அவற்றை விடத் துல்லியம் இல்லை என்று பேர். அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா போடுகிற ஷார்ப்ஸும் ரெமிங்டனும் வைத்திருந்தார்கள். முடிவு 934க்கு 931. ஐரிஷ் அணியில் ஒருவர் அடித்த நல்ல அடி பக்கத்து இலக்கில் போய் விழுந்து கணக்கில் சேராமல் போனது, அது மட்டும் சரியாக விழுந்திருந்தால் வெற்றி கை மாறியிருக்கும். இருந்தாலும் பின்பக்கம் தோட்டா போடுகிற துப்பாக்கி நீண்ட தூரத்துக்கு ஆகாது என்ற வாதம் அன்றோடு அடங்கிவிட்டது. நாடே துப்பாக்கிப் போட்டிப் பித்துப் பிடித்து அலைந்தது, அந்தச் சூட்டில்தான் போர்ச்சார்டின் நீள்தூர மாடலும் வந்தது. அவை மிகக் குறைவாகவே செய்யப்பட்டவை, இன்று ஏலத்துக்கு வந்தால் கூட்டம் கூடும்.

ஆனால் போட்டி மோகத்தை மட்டும் நம்பி ஒரு தொழிற்சாலை ஓடாது. வேட்டைச் சந்தை செத்துவிட்டது, அரசு ஆர்டர் இல்லை, ஒரு தடவை நிரப்பிப் பல முறை சுடுகிற வின்செஸ்டர் ஒவ்வொரு கடையிலும் இருந்தது. ஷார்ப்ஸிடம் அந்த மாதிரி ஒரு ரைஃபிள் கடைசி வரைக்கும் விற்பனைக்கு வரவே இல்லை. நல்ல பொருளைச் செய்துகொண்டே மூழ்கிப்போன கம்பெனி அது.

மிச்சிகன் குமரன்:

மருமகனிடம் சுட வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, பெரியவரும் விற்கிற அவசரத்தில் இப்போது இல்லை. மகள் வேறு மாநிலத்தில் இருக்கிறார். அங்கே எடுத்துப் போவதானால் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா? அதுவரை எப்படிப் பத்திரமாக வைப்பது?

கவிதா ரா:

1968ம் வருஷத்து மத்தியச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி பழம்பொருள் வகையில் வரும், சாதாரணத் துப்பாக்கிக்கு உள்ள வியாபாரி உரிமம், கைமாற்றுப் பதிவு போன்றவை மத்திய அளவில் இதற்கு இல்லை. 1881லேயே கம்பெனி மூடிவிட்டதால் உங்களுடையது எப்படிப் பார்த்தாலும் அதற்குள்தான். ஆனால் மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறு. மகள் இருக்கும் மாநிலத்தின் விதியையும், வழியில் கடக்கிற மாநிலங்களின் விதியையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஷார்ப்ஸ் கம்பெனியின் பழைய அனுப்புகைப் பதிவேடுகளில் ஒரு பகுதி தப்பியிருக்கிறது. வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்த எண் பதிவேட்டில் இருக்கும் பட்சத்தில், எப்போது யாருக்கு அனுப்பினார்கள் என்று கடிதமாகப் பெறலாம். கடிதம் வந்து அதில் மாநிலப் படையின் பெயர் இருந்துவிட்டால் குடும்பக் கதைக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

லேத்து வேலு:

பத்திரத்துக்கு: அந்தக் கம்பளியிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். துணியும் தோலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு அங்கேதான் பிடிக்கும். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் இரும்பின் மேல் லேசாக ஒற்றினால் போதும். கம்பி நார், உப்புத்தாள், துரு நீக்கும் திரவம் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் வெறும் துரு இல்லை, வயதின் அடையாளம். அதைத் தேய்த்து எடுத்தால் திரும்ப வராது, முத்திரை எழுத்துகளின் ஓரமும் மழுங்கிப்போகும்.

மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம். திருகுகளைத் திறக்க வேண்டாம், சாதாரணத் திருப்புளி அந்தக் காலத்து மெல்லிய பள்ளத்தில் சரியாக உட்காராது, ஒரு தடவை வழுக்கினாலே தழும்பு விழுந்துவிடும். பரணிலோ நிலவறையிலோ வைக்காமல், ஆட்கள் இருக்கிற அறையில், பூட்டுப் போட்ட அலமாரியில், குழல் வாய் கீழே பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள், எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. வைப்பதற்கு முன் முத்திரை, வரிசை எண், கட்டையின் இரண்டு பக்கம், பட்டைகள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.